காசு வாங்கிய எட்டுப் பேர்

1962-ஆம் ஆண்டில் ராட் லேவர் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் டென்னிஸ் உலகத்தின் நான்கு பெரிய பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றார். ஆஸ்திரேலியா, பிரான்ஸ், இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளிலும் அவருக்கு ஈடுகொடுக்க ஆளில்லை. ஆண்களில் அவருக்கு முன் அந்தக் காரியத்தைச் சாதித்தவர் ஒரே ஒருவர்தான். 1938-ல் அமெரிக்கரான டான் பட்ஜ். விம்பிள்டனில் எலிஸபெத் ராணியாரின் கையிலிருந்தே லேவர் வெற்றிக் கோப்பையைப் பெற்றுக்கொண்டார். அந்தக் கோடையில் அவரைப் புகழாத பத்திரிகை கிடையாது.

மறு ஆண்டு அதே விம்பிள்டனில் அவருக்கு இடமில்லை. ஏன்? என்ன குற்றம் செய்துவிட்டார்? நடுவரை அடித்தாரா? பந்தயத்தில் பணம் வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தோற்றாரா? அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. நன்றாக ஆடுவதற்குச் சம்பளம் பேசிக்கொண்டார். அதுவும் பகிரங்கமாகக் கையெழுத்துப் போட்டு, எல்லோரும் அறியும்படி பேசிக்கொண்டார். அதுதான் குற்றம்.

'அமெச்சூர்' என்ற சொல் நமக்குப் புதிதல்ல. நாடக சபைகளின் புண்ணியத்தில் அது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபை தோன்றியபோது, அதில் வேஷம் கட்டிய வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அமெச்சூர்கள். ஊர் ஊராகப் போய் வயிற்றுக்காக ஆடியவன் கூத்தாடி. இருவரும் அதே முகப்பூச்சுத்தான் பூசிக்கொண்டார்கள். ஒருவனுக்கு மறுநாள் காலையில் போவதற்குக் கச்சேரி இருந்தது, மற்றவனுக்கு இல்லை என்பதுதான் வித்தியாசம். மரியாதை எந்தப் பக்கம் போயிற்று என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

டென்னிஸிலும் இதே கதைதான். 1877-ல் விம்பிள்டனில் முதல் போட்டியை நடத்தியபோது அகில இங்கிலாந்து கிளப்புக்குப் பணமுடை. புல்தரையைச் சமப்படுத்துவதற்குக் குதிரைக் குட்டியைப் பூட்டி இழுக்கும் உருளை ஒன்று இருந்தது. அதைப் பழுது பார்க்கக் காசு வேண்டும். அதற்காகத்தான் அந்தப் போட்டியே நடந்தது என்று கிளப்பின் வரலாறு கூறுகிறது. இறுதி ஆட்டத்தைப் பார்க்கத் தலைக்கு ஒரு ஷில்லிங் கொடுத்து இருநூறு பேர் வந்தார்கள். அதாவது, வாசலில் சீட்டுக் கொடுப்பவன் காசு வாங்கலாம். உருளைக்குக் காசு சேரலாம். மட்டையைப் பிடித்து வியர்வை சிந்துகிறவன் மட்டும் வாங்கக் கூடாது. வாங்கினால் அவன் கனவான் அல்ல! அன்றைய கனவான்களுக்கு இந்த ஏற்பாட்டில் ஒரு கஷ்டமும் இல்லை. அவர்களுக்கு நிலத்திலிருந்தும் கம்பெனிப் பங்குகளிலிருந்தும் வருமானம் தானாகவே வந்துகொண்டிருந்தது.

கஷ்டம் வந்தது பஞ்சாலைத் தொழிலாளியின் மகன் ஒருவன் மட்டையைப் பிடித்தபோது. பிரெட் பெர்ரியின் தகப்பனார் ஆலையில் நூல் நூற்றவர். பிற்பாடு தொழிற்கட்சி சார்பில் பார்லிமெண்டுக்குப் போனவர். 1934-ல் பெர்ரி விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியரான ஜாக் கிராபோர்டை நேர் செட்டுகளில் வீழ்த்தினார். பல ஆண்டுகளாக இங்கிலாந்துக்காரர் எவரும் தொடாத பட்டம் அது. ஆட்டம் முடிந்து குளியலறையில் இருந்தபோது, கிளப்பைச் சேர்ந்த ஒரு பெரிய மனிதர் தோற்ற கிராபோர்டிடம் ஷாம்பேன் புட்டியைக் கொடுத்து, 'தகுதியுள்ளவன் இன்று ஜெயிக்கவில்லை' என்று தேற்றிக்கொண்டிருந்தது பெர்ரியின் காதில் விழுந்தது. வென்றவருக்கு உரிய கிளப் கழுத்துப்பட்டை ஒரு நாற்காலியின் மேல் கிடந்தது. எடுத்துக் கொடுக்கக்கூட யாரும் இல்லை. இதைப் பெர்ரியே பின்னாளில் எழுதியிருக்கிறார். மேலும் இரண்டு ஆண்டுகள் பட்டத்தை வென்றுவிட்டு, 1936-ன் இறுதியில் அவர் தொழில் ஆட்டக்காரராகப் போனார். கிளப் அவருடைய கௌரவ அங்கத்தினர் பதவியைப் பறித்துக்கொண்டது. 1984-ல் அதே கிளப் தன் தோட்டத்தில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தது. சிலை நல்ல சிலைதான். ஐம்பது ஆண்டு கழித்து என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

தொழில் டென்னிஸ் பெர்ரியோடு தொடங்கியதல்ல. 1926-ல் பைல் என்ற அமெரிக்க வியாபாரி, பிரெஞ்சு வீராங்கனை சூசான் லாங்லெனுக்கு 50,000 டாலர் கொடுத்து ஊர் ஊராக அழைத்துப் போய் ஆட வைத்தார். அதிலிருந்து நாற்பது ஆண்டுகள் இந்த வியாபாரம் ஒரே மாதிரியாக நடந்தது. விம்பிள்டனிலோ அமெரிக்காவிலோ ஒருவன் பட்டம் வெல்வான். உடனே தொழில் முகாமிலிருந்து ஆள் வரும், காகிதமும் பேனாவுமாக. கையெழுத்திட்ட மறுகணம் பெரிய பந்தயங்களின் கதவுகள் எல்லாம் அவனுக்கு அடைபட்டுவிடும். பிறகு அவன் தொழில் உலகத்தின் ராஜாவோடு இரவுக்கு ஒரு ஊராக நூறு ஆட்டம் ஆடுவான். உடற்பயிற்சிக் கூடம், பனிச்சறுக்கு மைதானம், பள்ளிக்கூட மண்டபம், எதுவானாலும் சரி. லாரியில் கொண்டுபோன கித்தானை விரித்தால் அதுதான் ஆடுகளம். ஆட்டம் முடிந்ததும் கித்தானைச் சுருட்டி லாரியில் ஏற்றிவிட்டு, இரவோடிரவாகக் காரை ஓட்டிக்கொண்டு அடுத்த ஊர் போய்ச் சேரவேண்டும். நமது பழைய நாடகக் கம்பெனி நடிகர்களுக்கு இந்த வாழ்க்கை அத்துபடி.

சில இரவுகள் பிரமாதமாகவும் இருந்ததுண்டு. 1947 டிசம்பர் 26-ஆம் தேதி நியூயார்க் நகரத்தில் வரலாறு காணாத பனிமழை. தெருவில் கார் ஓடவில்லை, பஸ் ஓடவில்லை. அன்றிரவு மாடிசன் சதுக்க அரங்கில் ஜாக் கிராமரின் முதல் தொழில் ஆட்டம். எதிரி பாபி ரிக்ஸ். யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தால், முழங்கால் அளவு பனியில் நடந்து 15,114 பேர் வந்து சேர்ந்தார்கள்! அன்று ரிக்ஸ் வென்றார். ஆனால் சுற்றுப்பயணம் முடிந்தபோது கிராமர் 69, ரிக்ஸ் 20. அதோடு ரிக்ஸின் ராஜ்யம் முடிந்தது.

அடுத்துக் கிராமரின் கையில் சிக்கியவர்தான் இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் வேண்டியவர்: பாஞ்சோ கன்சாலஸ். மெக்ஸிகோவிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளை. லாஸ் ஏஞ்செல்ஸ் நகரத்துப் பொது மைதானங்களில் தானாகவே ஆட்டம் கற்றவர். ஆறடிக்கு மேல் உயரம், புயல் போன்ற சர்வீஸ், அதைவிட வேகமாக வரும் கோபம். 1948, 1949 ஆண்டுகளில் அமெரிக்கப் பட்டத்தை வென்றார். 1949-ல் ஒரே ஒரு தடவை விம்பிள்டன் வந்தார். தனிநபர் ஆட்டத்தில் நான்காவது சுற்றோடு சரி. அந்த ஆண்டின் இறுதியில் தொழிலுக்குப் போனபோது அவருக்கு வயது 21. கிராமர் அவரை 96-க்கு 27 என்ற கணக்கில் துவைத்து எடுத்துவிட்டார். தோற்ற ராஜாவைப் பார்க்கச் சீட்டு வாங்குவார்கள். தோற்ற புது மாப்பிள்ளையைப் பார்க்க யார் வாங்குவார்கள்? சில ஆண்டுகள் கன்சாலஸைச் சீந்துவார் இல்லை.

பிறகு 1954-லிருந்து அவர் திரும்ப எழுந்தார். வருஷத்துக்கு ஒரு விம்பிள்டன் வீரன் புதிதாகக் கையெழுத்திட்டு வருவான். கன்சாலஸ் அவனை வரிசையாகத் தோற்கடிப்பார். டோனி டிராபர்ட் வந்தார், 74-க்கு 27. கென் ரோஸ்வால் வந்தார், 50-க்கு 26. லூ ஹோட் வந்தார், 51-க்கு 36. உலகத்தில் அன்று மிகச் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று கேட்டால், விஷயம் தெரிந்தவர்கள் கன்சாலஸ் பெயரைத்தான் சொல்வார்கள். ஆனால் அவர் பெயர் எந்த வெள்ளிக் கோப்பையிலும் ஏறவில்லை. சம்பளத்திலும் நியாயம் இல்லை. டிராபர்ட்டைத் துவம்சம் செய்த பயணத்தில் தோற்ற டிராபர்ட்டுக்கு 80,000 டாலர், ஜெயித்த கன்சாலஸுக்கு 15,000. கனவான்கள் அவரைக் கூலிக்காரன் என்றார்கள். சரி, கூலியாவது ஒழுங்காகக் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. அவர் யாரோடும் பேசாமல் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு போனார் என்றும், சிடுமூஞ்சி என்றும் எழுதினார்கள். நான் அவருடைய கோபத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

இதற்கிடையில் அமெச்சூர் முகாம் எவ்வளவு சுத்தமாக இருந்தது? அங்கே பணம் இல்லாமல் இல்லை. உறைக்குள் இருந்தது. பெரிய ஆட்டக்காரன் வந்தால்தான் சீட்டு விற்கும் என்பது பந்தயம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும். ஆகவே 'வழிச்செலவு' என்ற பெயரில் வழிக்குத் தேவைப்படுவதைவிடப் பல மடங்கு கைமாறியது. மட்டை செய்யும் கம்பெனியில் பெயருக்கு ஒரு வேலை கிடைத்தது. எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. இந்த ஏற்பாடு முழுவதும் நடமாடும் பொய் என்று கடைசியில் வாய் திறந்து சொன்னவர் வேறு யாருமல்ல, அகில இங்கிலாந்து கிளப்பின் தலைவர் ஹெர்மன் டேவிட். அவருடைய கோபத்துக்குத் தர்மம் ஒரு காரணம். வியாபாரம் இன்னொரு காரணம். ஆண்டுதோறும் தம் பந்தயத்தில் மணியான ஆளை உருவாக்கி, கிராமருக்குத் தாரை வார்த்துக் கொடுத்துவிட்டு, மிச்சமிருப்பவர்களை வைத்து உலகச் சிறப்பு வாய்ந்த போட்டி என்று சீட்டு விற்பது அவருக்கு உறுத்தியது.

1960-ல் பாரிஸில் சர்வதேச சம்மேளனம் கூடியது. சில பந்தயங்களிலாவது இருசாராரும் சேர்ந்து ஆடலாமா என்று ஓட்டெடுத்தார்கள். மூன்றில் இரு பங்கு வேண்டும். ஐந்து ஓட்டுக் குறைவால் தீர்மானம் தோற்றது. ஆதரவாளர்களில் ஒருவர் கழிவறைக்குப் போயிருந்தார், ஒருவர் தூங்கிப்போனார், மற்றொருவர் அன்று மாலைக் கேளிக்கைக்கு ஏற்பாடு செய்யப் போய்விட்டார் என்று ஒரு கதை சொல்வதுண்டு. கதையாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஐந்து ஓட்டின் விலை எட்டு ஆண்டுகள். ஆட்டக்காரனுடைய வாழ்க்கையில் எட்டு ஆண்டு என்பது ஏறக்குறைய முழு ஆயுள்.

இந்தக் கதவின் கொடுமையை நம் ஊரிலும் ஒருவர் அனுபவித்தார். 1954-ல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்ற நம்முடைய ராமநாதன் கிருஷ்ணன், 1960-லும் 1961-லும் அங்கே அரை இறுதி வரை வந்தவர். 1961-ல் ராய் எமர்ஸனை நேர் செட்டுகளில் ஓட்டிவிட்டு, லேவரிடம் தோற்றார். அவருக்கும் கிராமரின் அழைப்பு வந்தது. மூன்று ஆண்டுக்கு 1,50,000 டாலர் என்பது பேச்சு. அந்தக் காலத்து ரூபாயில் அதைப் பெருக்கிப் பாருங்கள்! கிருஷ்ணன் மறுத்துவிட்டார். தொழில் ஆட்டக்காரனுக்கு டேவிஸ் கோப்பையில் இடமில்லை. நாட்டுக்காக ஆட முடியாது. 1966 டிசம்பரில் இந்தியா டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்று வரை போய், மெல்போர்னில் ஆஸ்திரேலியாவைச் சந்தித்தது. அங்கே கிருஷ்ணனும் ஜய்தீப் முகர்ஜியும் சேர்ந்து நியூகோம்ப், ரோச் இணையைத் தோற்கடித்தார்கள். ஐந்து ஆட்டங்களில் இந்தியாவுக்குக் கிடைத்த வெற்றி அது ஒன்றுதான். ஆனால் அந்த ஒன்று அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் கிடைத்திராது. காசை மறுத்த கிருஷ்ணன் உயர்ந்தவர் என்றும், வாங்கிய லேவர் தாழ்ந்தவர் என்றும் இதிலிருந்து யாராவது பாடம் படித்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாட்டுக்கு ஆடுவதையும் வீட்டுக்குச் சம்பாதிப்பதையும் எதிரெதிர் தட்டில் வைத்து, ஒன்றை எடுத்துக்கொள் என்று சொன்ன சட்டம்தான் கோணல்.

லேவருக்குக் கிடைத்தது மூன்று ஆண்டுக்கு 1,10,000 டாலர். அதற்கு ஜாமீன் நின்றவர்கள் யார் தெரியுமா? அவரோடு மோதப்போகிற ரோஸ்வாலும் ஹோடும்! புது ஆள் வராவிட்டால் கடையையே மூட வேண்டிய நிலைமை. 1963 ஜனவரியில் சிட்னியில் லேவர் முதல் ஆட்டம் ஆடினார், ஹோடிடம் தோற்றார். தொடர்ந்து ஹோடிடம் எட்டு ஆட்டம் ஆடி எட்டிலும் தோற்றார். ரோஸ்வாலிடம் பதின்மூன்று ஆடிப் பதினொன்றில் தோற்றார். நான்கு நாட்டுப் பட்டங்களையும் சுமந்துகொண்டு வந்த மனிதரின் கதி இது. அப்படியானால் அதுவரை விம்பிள்டனில் உலகச் சாம்பியன் என்று யாரைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்?

அதே 1963-ல் பாரஸ்ட் ஹில்ஸில் நடந்த அமெரிக்கத் தொழில் பந்தயத்தின் கதை இன்னும் ரசமானது. இறுதி ஆட்டத்தில் ரோஸ்வால் லேவரை வென்றார். பரிசு வாங்கப் போனால் பெட்டி காலி. வென்றவருக்கு ஒரு காசு இல்லை. முதல் ஆட்டத்திலேயே தோற்றுப்போன கன்சாலஸுக்கு மட்டும் 5,000 டாலர் கிடைத்திருந்தது. மனிதர் முன்கூட்டியே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் மட்டையை எடுத்தாராம்! பதினான்கு வருஷத்து அனுபவம் வேறு என்ன கற்றுக்கொடுக்கும்?

நிலைமை இப்படியிருக்கும்போதுதான் 1967 வந்தது. அந்த ஜூலையில் பி.பி.சி. வர்ண டெலிவிஷனை ஆரம்பித்தது. வர்ணத்தில் காட்டப் பச்சைப் புல்லைவிட எது அழகு? விம்பிள்டன் பந்தயத்தையே முதன்முதலாக வர்ணத்தில் ஒளிபரப்பினார்கள். ஆனால் அந்த ஆண்டு ஆண்கள் இறுதி ஆட்டத்தில் ஜான் நியூகோம்ப், ஜெர்மானியரான பங்கர்ட்டை 6-3, 6-1, 6-1 என்று ஊதித் தள்ளிவிட்டார். புல் பச்சையாக இருந்தது, ஆட்டம் வெளுத்துப்போயிருந்தது. ஹெர்மன் டேவிட் ஒரு முடிவுக்கு வந்தார். பி.பி.சி. பணம் தரும், கிளப் தன் சென்டர் கோர்ட்டைத் தரும், தொழில் ஆட்டக்காரர்களில் எட்டுப் பேர் வந்து ஆடட்டும். சம்மேளனத்தின் சட்டம் அமெச்சூரும் தொழிலாளியும் கலக்கக் கூடாது என்றுதானே சொல்கிறது? கலக்கவில்லை. எட்டுப் பேரும் தொழிலாளிகள். ஒரு சட்டமும் மீறப்படவில்லை. நம் வக்கீல்களும் மெச்சக்கூடிய யோசனை!

தனிநபர் ஆட்டத்துக்கு 35,000 டாலர், இரட்டையருக்கு 10,000 டாலர் என்று பரிசு அறிவிக்கப்பட்டது. தொழில் டென்னிஸ் அதுவரை கண்டிராத தொகை அது. ஆகஸ்டு 25, வெள்ளிக்கிழமை. காசு வாங்கியவர்கள் என்ற காரணத்தால் அந்த வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட எட்டுப் பேர், காசு வாங்குவதற்காகவே அந்த வாசலுக்குள் நுழைந்தார்கள்.

எட்டுப் பேரைப் பாருங்கள். லேவர், இரண்டு தடவை விம்பிள்டன் வீரர். ஐந்து ஆண்டு வனவாசம். லூ ஹோட், 1956, 57 ஆண்டுகளின் வீரர், பத்து ஆண்டு. இந்த இருவருக்கும்தான் அங்கே பட்டம் உண்டு. பிரெட் ஸ்டோல் 1963, 64, 65 என்று வரிசையாக மூன்று இறுதி ஆட்டங்களில் தோற்றவர். அமெரிக்கரான ரால்ஸ்டன் 1966 இறுதி ஆட்டத்தில் தோற்றவர். இவருடைய முதற்பெயரே டென்னிஸ், தமிழில் எழுதினால் ஆளுக்கும் ஆட்டத்துக்கும் வித்தியாசம் தெரியாது. பார்ஸலோனாவிலிருந்து ஆண்ட்ரெஸ் ஹிமேனோ, அமெரிக்காவிலிருந்து புட்ச் புக்ஹோல்ஸ். கென் ரோஸ்வால், 1954-லும் 1956-லும் இறுதி ஆட்டத்தில் தோற்று, பட்டம் இல்லாமலே வெளியேறியவர், பதினோரு ஆண்டு. அப்புறம் கன்சாலஸ். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் புல்லை மிதிக்கிறார். 21 வயதில் தொழிலுக்குப் போனவருக்கு இப்போது 39. தலையில் நரை ஓடியிருந்தது.

டென்னிஸ் பழக்கமில்லாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு செட்டை வெல்ல ஆறு கேம் எடுக்க வேண்டும். எதிரியைவிட இரண்டு கேம் முன்னாலும் இருக்க வேண்டும். இப்போது ஆறுக்கு ஆறு வந்தால் குறுக்கு வழியாக முடித்துவிடுகிறார்கள். அந்த வழி விம்பிள்டனுக்கு வந்தது 1971-ல்தான். அதற்கு முன் இருவரில் ஒருவர் அசரும் வரையில் ஆட வேண்டியதுதான்.

முதல் சுற்றில் கன்சாலஸுக்கு எதிரே விதி கொண்டுவந்து நிறுத்தியது ஹோடை. 1958-ல் எண்பத்தேழு ஆட்டங்கள் ஆடி ஒருவரை ஒருவர் உருக்குலைத்துக்கொண்ட ஜோடி இது. ஹோடுக்கு 32 வயதுதான். ஆனால் முதுகுவலி அவரைப் பாதி ஓய்வுக்கு அனுப்பியிருந்தது. ஒரு காலத்தில் பந்தை மணிக்கட்டாலேயே சுவர் வரைக்கும் விரட்டிய பலசாலி. முதல் செட் கன்சாலஸுக்கு 6-3. இரண்டாவது செட் நீண்டது, எட்டுக்கு எட்டு, ஒன்பதுக்கு ஒன்பது, ஹோட் 11-9. மூன்றாவதும் எளிதில் முடியவில்லை, ஹோட் 8-6. பந்தயத்தின் மிகச் சிறந்த ஆட்டம் முதல் நாளே நடந்துவிட்டது. நாற்பத்து மூன்று கேம் ஆடி, பதினெட்டு வருஷம் காத்திருந்தவர் ஒரே மாலையில் தனிநபர் போட்டியிலிருந்து வெளியேறினார். கூட்டம் இருவருக்கும் கைதட்டியது. அந்தப் புல்லில் முப்பது வயதுக்கு முன்பே அவர் வாங்கியிருக்க வேண்டிய கைதட்டல் அது. கன்சாலஸ் வெறுங்கையோடு போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஹிமேனோவோடு சேர்ந்து இரட்டையர் பரிசை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் சனிக்கிழமை அரை இறுதி. ஹிமேனோவை லேவர் கடந்தார். முந்திய நாள் ஆட்டத்திலேயே உடம்பைக் கொடுத்துவிட்ட ஹோடை ரோஸ்வால் கடந்தார். ஹோடும் ரோஸ்வாலும் சிட்னியில் மூன்றே வார இடைவெளியில் பிறந்தவர்கள். சிறுவயது முதல் இரட்டைப் பிள்ளைகள் போல ஒன்றாகவே பெயரெடுத்தவர்கள். 1956-ல் இதே களத்தில் இறுதி ஆட்டத்தில் ரோஸ்வாலை ஹோட் வென்றிருந்தார். அந்தக் கடன் இப்போது தீர்ந்தது. ஆனால் என்ன? கடனைத் திருப்பிக் கொடுத்த இடம் அரை இறுதி. வாங்கிய இடம் இறுதி.

ஞாயிறு ஓய்வு. திங்கள் 28-ஆம் தேதி, இங்கிலாந்தில் விடுமுறை நாள். லேவரும் ரோஸ்வாலும் இறங்கினார்கள்.

இருவரும் பார்வைக்குப் பெரிய ஆட்கள் அல்ல. ரோஸ்வால் ஐந்தடி ஏழு அங்குலம். மெலிந்த தோளைப் பார்த்து நண்பர்கள் கேலியாக வைத்த பட்டப்பெயர் 'தசைநார்.' சர்வீஸில் பலமில்லை. ஆனால் அவருடைய புறங்கை வீச்சு இருக்கிறதே, அது கத்தியால் வெண்ணெய் வழிப்பது போல. பந்து வலைக்கு ஒரு விரற்கடை மேலே சறுக்கிக்கொண்டு போய், எதிரி கால் வைக்க முடியாத மூலையில் விழும். லேவர் இடதுகைக்காரர், முகமெல்லாம் செம்புள்ளி. அவருடைய இடது முன்கை மட்டும் குத்துச்சண்டைக்காரனுடையது போலப் பருத்திருக்கும். அந்தக் கையால் பந்தைச் சுழற்றி அடித்தால், வெளியே போகிறது என்று நினைக்கும் பந்து கடைசி நிமிஷத்தில் கோட்டுக்குள் தலைகுப்புற விழும். நான்கரை ஆண்டுகளாக ஒருவர் ஆட்டத்தை மற்றவர் கரைத்துக் குடித்திருந்தார்கள். 1963-ல் பதினொன்று தோற்ற பையன் இப்போது ஆசானை மிஞ்சியிருந்தான்.

லேவர் முதல் செட் 6-2. இரண்டாவதும் 6-2. இப்படியே போனால் நியூகோம்ப் ஆட்டத்தின் மறுபதிப்பாகப் போய்விடும். ஆனால் 33 வயதை நெருங்கிக்கொண்டிருந்த ரோஸ்வால் மூன்றாவது செட்டில் விடவில்லை. ஆறுக்கு ஆறு ஆயிற்று. எட்டுக்கு எட்டு ஆயிற்று. பத்துக்குப் பத்தும் ஆயிற்று. இரண்டு செட் பின்தங்கிய ஒரு மனிதர், தமக்கு ஒருநாளும் கிடைக்காத களத்தில், அதை விட்டு வெளியேற மனமில்லாமல் நின்றார். இருபத்திரண்டாவது கேமில் முடிந்தது, 12-10. லேவருக்கு 3,000 பவுன்.

ஏழு வாரத்துக்கு முன் அதே புல்லில் ஆடிய இறுதி ஆட்டத்தையும் இதையும் வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு விரிவுரை ஏதும் தேவைப்படவில்லை. அதற்கு மேல் காரியங்கள் வெகு வேகமாக நடந்தன. அமெரிக்கப் பணக்காரர்கள் வேறு கையெழுத்து வேட்டையில் இறங்கியிருந்தார்கள். நியூகோம்பே அந்த ஆண்டு முடிவதற்குள் தொழிலுக்குப் போய்விட்டார். அடுத்த விம்பிள்டனுக்கு நடப்பு வீரரே இல்லை என்ற நிலைமை. டிசம்பர் 14-ஆம் தேதி பிரிட்டிஷ் டென்னிஸ் சங்கம் கூடி, அமெச்சூர், தொழிலாளி என்ற பேதத்தையே எடுத்துவிடுவது என்று தீர்மானித்தது. ஆதரவு 295, எதிர்ப்பு 5. பாரிஸில் 1960-ல் குறைந்துபோன அதே ஐந்து! சர்வதேச சம்மேளனம் பிரிட்டனை விலக்கிவைப்பதாக மிரட்டியது. பிறகு யோசித்துப் பார்த்து, 1968 மார்ச்சு 30-ஆம் தேதி பாரிஸில் இறங்கி வந்தது.

ஏப்ரல் 22-ஆம் தேதி போர்ன்மத் என்ற கடற்கரை ஊரில் முதல் பொதுப் பந்தயம் தொடங்கியது. அங்கே ஒரு வேடிக்கை. கேம்பிரிட்ஜில் படித்த மார்க் காக்ஸ் என்ற அமெச்சூர் இளைஞர், ஐந்து செட் ஆடி கன்சாலஸைத் தோற்கடித்துவிட்டார். மறுசுற்றில் எமர்ஸனும் அவரிடம் விழுந்தார். கனவான்கள் பக்கத்தில் ஒரே உற்சாகம். ஆனால் அரை இறுதியில் லேவர் கணக்கைச் சரிசெய்தார். இறுதியில் ரோஸ்வால் லேவரை வென்று 1,000 பவுன் வாங்கினார். ஜூலையில் விம்பிள்டன். லேவர் டோனி ரோச்சை நேர் செட்டுகளில் வென்றார். பரிசு 2,000 பவுன். முந்திய ஆகஸ்டில் அதே களத்தில் எட்டுப் பேர் பந்தயத்தில் வாங்கியதைவிட ஆயிரம் குறைவு! 1969-ல் நான்கு பட்டங்களையும் மறுபடியும் ஒரே ஆண்டில் வென்றார். இந்தத் தடவை ஆட வேண்டியவர்கள் எல்லோரும் எதிரே இருந்தார்கள்.

அதே 1969-ல் கன்சாலஸ் 41 வயதில் விம்பிள்டன் வந்தார். முதல் சுற்றில் எதிரி அவரைவிடப் பதினாறு வயது இளைய சார்லி பாஸரெல். முதல் செட்டை 24-22 என்று பாஸரெல் எடுத்தார். பொழுது சாய்ந்துவிட்டது, பந்து தெரியவில்லை என்று கன்சாலஸ் கத்தினார், நடுவர் நிறுத்தவில்லை, இரண்டாவது செட்டைக் கோபத்திலேயே 6-1 என்று விட்டெறிந்தார். கூட்டம் அவரைப் பார்த்து ஊளையிட்டது. மறுநாள் திரும்பி வந்து 16-14, 6-3, 11-9 என்று மூன்று செட்டுகளையும் எடுத்தார். கடைசி செட்டில் ஏழு தடவை அவர் தோல்விக்கு ஒரு பாயிண்ட் தூரத்தில் இருந்தார். மொத்தம் 112 கேம். ஐந்து மணி பன்னிரண்டு நிமிஷம். முதல் நாள் ஊளையிட்ட கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நான்காவது சுற்றில் ஆர்தர் ஆஷிடம் தோற்றுப் போனார். விம்பிள்டன் தனிநபர் பட்டம் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

ரோஸ்வாலுக்கும் கிடைக்கவில்லை. 1970-ல் இறுதி ஆட்டம் வரை வந்து நியூகோம்பிடம் ஐந்து செட்டில் தோற்றார். 1974-ல், 39 வயதில், மறுபடியும் இறுதிக்கு வந்தார். எதிரே ஜிம்மி கானர்ஸ், 21 வயது. 6-1, 6-1, 6-4 என்று முடிந்துவிட்டது. 1954-லிருந்து 1974 வரை இருபது ஆண்டுகளில் நான்கு இறுதி ஆட்டங்கள். நடுவே கதவு சாத்தியிருந்த பதினோரு ஆண்டுகள்.

1967 ஆகஸ்டின் மூன்று நாள் பந்தயம் விம்பிள்டன் வீரர்களின் பட்டியலில் சேரவில்லை. அந்த ஆண்டுக்கு எதிரே நியூகோம்பின் பெயர்தான் இருக்கிறது. லேவரின் பெயர் 1961, 1962, 1968, 1969 என்ற நான்கு ஆண்டுகளுக்கு எதிரே இருக்கிறது.